எர்ல் ஸ்டான்லி கார்ட்னர்: பெர்ரி மேசன் கதைகள் எப்படிக் கட்டப்பட்டன?

தாழ்வாரம்:
அமெரிக்கத் துப்பறியும் கதாசிரியர் கார்ட்னர் பேச்சு வந்தாலே "வக்கீலா இருந்தவர், பெர்ரி மேசனை எழுதினவர்" என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே போக இந்த இழை. எனக்கு மூன்று சந்தேகம்.

வக்கீல் பெர்ரி மேசன் நாயகனாக வரும் நாவல்கள் 82 என்று சில இடத்தில், 86 என்று சில இடத்தில் இருக்கிறது. எது சரி? அடுத்தது, பல நாவல்களில் ஜூரியே கிடையாது, ஒரு நீதிபதி மட்டும் உட்கார்ந்து கேட்கிறார். கொலை வழக்கில் அது எப்படி? மூன்றாவது, அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக் கதை உண்டாக்கினார் என்கிறார்களே, அது மெய்யா?

முடிவை உடைக்கிற பதிவுகளில் தயவுசெய்து மேலேயே எச்சரிக்கை போட்டுவிடுங்கள்.

வழக்கேடு:
82 நாவல்கள். நான்கு குறுங்கதைகளையும் சேர்த்தால் 86. இரண்டு எண்ணும் சுற்றுவதற்கு அதுதான் காரணம். முதல் நாவல் 'தி கேஸ் ஆஃப் தி வெல்வெட் க்ளாஸ்', 1933, வில்லியம் மாரோ வெளியீடு. கடைசி இரண்டும் அவர் இறந்த பிறகு 1972, 1973-இல் வந்தவை. ஆகவே உயிரோடு இருக்கும்போது 80.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. பிறப்பு 1889 ஜூலை 17, மாசசூசெட்ஸ் மாநிலம் மால்டன். தந்தை சுரங்கப் பொறியாளர் என்பதால் குடும்பம் மேற்கே நகர்ந்து கலிபோர்னியாவின் ஓரோவில் வந்து சேர்ந்தது. இந்தியானாவின் வால்பரைசோவில் சட்டம் படிக்கப் போய், குத்துச்சண்டை மோகத்தால் ஒரு மாதம்போலத்தான் நீடித்தார். அப்புறம் வக்கீல் அலுவலகங்களில் வேலை செய்தபடியே படித்து 1911-இல் வழக்காட உரிமம் வாங்கினார். ஆக்ஸ்னார்டில் தொழில். நடுவில் சில ஆண்டுகள் டயர் விற்பனை. 1921-இல் மறுபடி சட்டத்துக்கு வந்து, வென்ச்சுராவில் 1933 வரை வழக்காடினார். எழுத்தும் 1921-இல்தான் தொடங்கியது. ஆக, 12 ஆண்டுகள் பகலில் கோர்ட், இரவில் தட்டச்சு.

ஆக்ஸ்னார்ட் காலத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது. அவருடைய கட்சிக்காரர்களில் பலர் சீனர்கள். வேறு வக்கீல்கள் அவர்களுக்கு வக்காலத்துப் போட முன்வராத காலம் அது. வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சம்பவம் உண்டு. சூதாட்டச் சீட்டு விற்றதாகச் சீனக் கடைக்காரர்களைக் கைது செய்ய போலீஸ் பட்டியலோடு வரப் போகிறது. கார்ட்னர் கடைக்காரர்களை ஒருவர் கடையில் இன்னொருவராக மாற்றி உட்கார வைத்துவிட்டார். கடையை வைத்து ஆளைப் பிடித்துப் போனார்கள். கோர்ட்டில் பார்த்தால், பிடிபட்டவர் குற்றச்சாட்டில் இருப்பவரே இல்லை. வழக்கு நிற்கவில்லை. "அடையாளம் காட்டும் சாட்சியை நம்பாதே" என்று மேசன் கதைகள் முழுக்க ஓடும் எண்ணத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

குறுக்குவிசாரணை:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீங்கள் பார்த்தது முழு விசாரணை இல்லை, முதற்கட்ட விசாரணை. கலிபோர்னியாவில் ஒரு பெருங்குற்ற வழக்கு ஜூரி முன்னால் போவதற்கு முன் மாஜிஸ்திரேட் ஒரு கேள்வியை மட்டும் பார்ப்பார்: குற்றம் நடந்திருக்கிறதா, இவர்தான் செய்திருப்பார் என்று நம்பப் போதிய முகாந்திரம் இருக்கிறதா? ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமை இந்தக் கட்டத்தில் அரசுத் தரப்புக்குக் கிடையாது. முகாந்திரம் இருந்தால் வழக்கு மேலே போகும், இல்லையென்றால் ஆளை விட்டுவிடுவார்கள். நம் நாட்டில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு முன்னால் செஷன்ஸ் வழக்குகளுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடந்த கமிட்டல் விசாரணையை நினைத்துக்கொண்டால் பிடிபடும்.

எதிர்த்தரப்பு வக்கீல் இந்தக் கட்டத்தில் தன் சாட்சிகளை வழக்கமாக இறக்க மாட்டார். இறக்கினால் கையில் இருப்பதை அரசுத் தரப்புக்குக் காட்டிக் கொடுத்ததாகிவிடும். அவர் செய்வது ஒன்றே: அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து, அவர்கள் சொல்வதைப் பதிவில் ஏற்றிவிடுவது. பின்னால் பெரிய விசாரணையில் அதே சாட்சி மாற்றிப் பேசினால் பழைய பதிவை எடுத்து மடக்கலாம்.

இனி, ஒரு கதாசிரியருக்கு இதில் என்ன லாபம் என்று பாருங்கள். பெரிய விசாரணை என்றால் கைதுக்கும் அதற்கும் இடையே மாதக்கணக்கில் ஓடிவிடும், கதையின் சூடு ஆறிவிடும். முதற்கட்ட விசாரணை சில நாளில் வந்துவிடும். ஜூரி தேர்வு வேண்டாம், தொடக்க உரை, முடிவுரை எதுவும் வேண்டாம். புத்தகத்தில் குறைந்தது 30 பக்கம் மிச்சம். குற்றம் நடந்த வாரத்திலேயே கோர்ட் காட்சி, கோர்ட் இடைவேளையிலேயே மேசனின் துப்பறிவாளர் பால் டிரேக் புதுத் துப்போடு வந்து நிற்கலாம்.

ஒரு சிக்கலும் உண்டு, அதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. முதற்கட்ட விசாரணையில் விடுதலை ஆவது நிரபராதி என்ற தீர்ப்பு ஆகாது. புது சாட்சியம் கிடைத்தால் அதே குற்றத்துக்கு மறுபடி பிடிக்கலாம். ஆகவே மேசன் வெறும் சந்தேகத்தைக் கிளப்பிக் கட்சிக்காரரை வெளியே கொண்டுவந்தால் போதாது, நிஜக் கொலையாளியைச் சுட்டிக் காட்டியே தீர வேண்டும். "வக்கீலுக்கு ஏன் துப்பறியும் வேலை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. தேர்ந்தெடுத்த கோர்ட் நடைமுறையே கதையின் முடிவை நிர்ணயிக்கிறது.

தெருவிளக்கு:
அருமையான விளக்கம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மேசன் செய்வதில் பாதி நிஜத்தில் வக்கீல் உரிமத்தைப் பறித்துவிடுமே? பிணம் கிடக்கிற அறைக்குள் நுழைகிறார், துப்பாக்கியை இடம் மாற்றுகிறார், சாட்சியை வேறு ஊருக்கு அனுப்பிவைக்கிறார்.

குறுக்குவிசாரணை:
பறித்துவிடும். அதை கார்ட்னரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அதனால்தான் பல நாவல்களில் போலீசும் அரசு வழக்கறிஞரும் "உன்னை வக்கீல் சங்கத்திலிருந்து நீக்க வைக்கிறேன்" என்று மிரட்டுகிறார்கள். மேசன் தப்பிக்கிற இடம் எப்போதும் ஒரு மெல்லிய கோடு. கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வெளியே சொல்லாமல் இருப்பது வக்கீலின் கடமை. சாட்சியப் பொருளை ஒளிப்பது குற்றம். சொல்லுக்குப் பாதுகாப்பு உண்டு, பொருளுக்கு இல்லை. மேசன் ஒரு பொருளைத் தொடும்போதெல்லாம் "இது சாட்சியம் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியுமா?" என்ற கேள்வியை கார்ட்னர் எங்காவது பதித்து வைத்திருப்பார். அடுத்த தடவை படிக்கும்போது அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

எச்சரிக்கை, 'ரெஸ்ட்லெஸ் ரெட்ஹெட்' (1954) பற்றிச் சிறு குறிப்பு: துப்பாக்கிகள் கைமாறுவதை வைத்து, குண்டுத் தடய நிபுணரின் சாட்சியத்தையே மேசன் ஆட்டம் காண வைக்கும் கதை இது. இந்தக் குண்டு இந்தத் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது வேறு, இந்தத் துப்பாக்கி அந்த நேரத்தில் இவர் கையில் இருந்தது என்பது வேறு. சாட்சிகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டும்போது மேசன் பிரிக்கிறார்.

வழக்கேடு:
கூடுதலாக ஒன்று. எல்லாக் கதையும் கோர்ட் கதை இல்லை. 'வெல்வெட் க்ளாஸ்' நாவலில் விசாரணைக் காட்சியே கிடையாது. கோர்ட் வருவது அதே 1933-இல் வந்த இரண்டாவது நாவலான 'சல்க்கி கேர்ள்' முதல். 'பெர்ஜர்ட் பேரட்' (1939) உச்சக்கட்டம் நடப்பது மரண விசாரணை அதிகாரியின் முன்னால். 'டெரிஃபைட் டைப்பிஸ்ட்' (1956) நாவலில் ஜூரி மேசனுக்கு எதிராகத் தீர்ப்பே சொல்லிவிடுகிறது. மீதியைச் சொன்னால் கெட்டுவிடும்.

மைக்கூடு:
சக்கரம் மெய்தான். கதைச் சக்கரங்கள் என்று சில செய்து வைத்திருந்தார். அவருடைய தாள்கள், குறிப்பேடுகள் எல்லாம் ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தில் இருக்கின்றன.

ஒரு சக்கரத்தில் நாயகனுக்குத் தொல்லை தரும் சிறு பாத்திரங்கள்: பத்திரிகை நிருபர், ஓட்டல் துப்பறிவாளர், வேலைக்காரர், வம்பு பேசுபவர், தலையிடும் நண்பர் இப்படி. இன்னொன்றில் சிக்கலாக்கும் நிலைமைகள்: சாட்சி பொய் ஆளாக இருப்பது, துப்பறிவாளரே நாயகனைக் குற்றவாளி என நம்புவது, ஒருவர் தான் சொல்லிக்கொள்ளும் ஆள் அல்ல என்பது. மற்றொன்றில் நாயகன் ஏமாந்து போகும் பொய்த் தடங்கள்.

ஆனால் சக்கரம் அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்றுதான், அதிலும் எளிதானது. என்னைக் கேட்டால் அவருடைய நிஜமான கருவி 'கொலையாளியின் ஏணி'. வாசகர் பார்க்கும் வரிசையை விட்டுவிட்டு, கொலை செய்தவரின் பக்கம் நின்று படிப்படியாக எழுதுவது. முதலில் நோக்கம். பிறகு ஆசை தூண்டப்படுவது. திட்டம். வாய்ப்பு. திரும்பி வர முடியாத முதல் அடி. கொலை. அங்கிருந்து நழுவுவது. மறைப்பு வேலை. பழியை இன்னொருவர் மேல் போடுவது. மறைக்கும்போது கவனிக்காமல் விட்ட சின்னச் சின்ன இழைகள். அந்த இழையைப் பார்த்துவிட்ட ஒருவரால் இரண்டாவது கொலைக்குத் தள்ளப்படுவது.

மேசன் கதைகளின் முதல் அத்தியாயம் ஏன் அவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்பது இதைப் பார்த்தால் விளங்கும். ஒரு பெண் வந்து ஏதோ அற்ப விஷயம் கேட்பார். பக்கத்து வீட்டு நாய் ஊளையிடுகிறது என்று ஒருவர் வருவார் ('ஹவ்லிங் டாக்', 1934). கண்ணாடிக் கண் திருடு போனது என்று இன்னொருவர் ('கவுன்டர்ஃபீட் ஐ', 1935). அந்த நேரத்தில் கொலையாளி ஏணியில் பாதி ஏறிவிட்டார். மேசனின் மேசைக்கு வருவது அந்த ஏணியின் நடுப்படியிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டு.

தாழ்வாரம்:
மைக்கூடு அக்கா, நன்றி. ஒருவர் இதைச் செய்து பார்க்க நினைத்தால் எங்கே ஆரம்பிப்பது?

மைக்கூடு:
இது கார்ட்னர் கொடுத்த அளவு இல்லை, வசதிக்காக நான் சொல்வது. கெட்டி அட்டையில் 20, 14, 8 செ.மீ. விட்டத்தில் மூன்று வட்டம் வெட்டி, நடுவில் ஒரு பித்தளைப் பின் குத்துங்கள். ஒவ்வொன்றையும் 12 பங்காகப் பிரியுங்கள். வெளி வட்டத்தில் தொல்லை தரும் ஆட்கள், நடுவில் சிக்கல்கள், உள்ளே பொய்த் தடங்கள். சுழற்றினால் 1,728 சேர்க்கை.

தப்பு நடக்கிற இடங்கள் மூன்று. ஒன்று, பங்குகளில் "மர்மமான ஆள்" மாதிரி மொட்டையாக எழுதுவது. "வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்" என்று எழுதினால்தான் உடனே ஒரு செயல் தோன்றும். இரண்டு, சக்கரத்தில் நோக்கத்தைப் போடுவது. நோக்கம் தற்செயலாக வந்தால் கதை முழுக்கத் தற்செயலாகத் தெரியும். அதை ஏணியில் முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகு சக்கரத்தைத் தொடுங்கள். மூன்றாவதுதான் பெரியது: ஏணியை முடிக்காமல் முதல் அத்தியாயத்தை எழுத ஆரம்பிப்பது. எட்டாவது அத்தியாயத்தில் "இவர் அன்றைக்கு ஏன் அங்கே போனார்?" என்று கேட்டு விடை இல்லாமல் நிற்பீர்கள்.

தெருவிளக்கு:
இத்தனை சொன்ன பிறகும் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய பாத்திரங்களுக்கு உடம்பே இல்லை. மேசனின் வீடு எப்படி இருக்கும், அவர் எந்த ஊரில் பிறந்தார், அம்மா அப்பா யார், எதுவும் கிடையாது. ஒரு ஊரைக் கண்முன் நிறுத்தும் வர்ணனை மேசன் கதைகளில் அபூர்வம்.

பழையபேப்பர்:
குறை சரி. அதன் காரணம் அவர் வேலை செய்த விதத்தில் இருக்கிறது.

பல்ப் பத்திரிகை (மலிவுத் தாளில் வந்த கதைப் பத்திரிகை) காலத்தில் அவர் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு ஆண்டுக்கு 12 லட்சம் சொற்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3,300. அதுவும் கோர்ட் முடிந்து வந்த பிறகு. கூலி சொல்லுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கில். இரண்டு விரலால் தட்டி விரல் புண்ணாகும் அளவுக்கு எழுதினார். பிறகு சொல்லி எழுத வைக்கும் முறைக்கு மாறினார். அவர் ஒலிப்பதிவுக் கருவியில் பேசுவார், செயலாளர்கள் தட்டச்சு செய்வார்கள். அவர்களில் மூன்று பேர் உடன்பிறந்த சகோதரிகள். ஒருவரான ஜீன் பெத்தெல் அவரை 1968-இல் மணந்தார். மேசனின் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டுக்கு முன்மாதிரி அவர்தான் என்று பரவலாகச் சொல்வார்கள்.

வாயால் சொல்லும் எழுத்தில் உரையாடல் தானாக வரும், வர்ணனை தானாக வராது. மேசன் நாவலின் எந்தப் பக்கத்தையும் திறந்து பாருங்கள், பாதிக்கு மேல் பேச்சாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கம் குறுக்கு விசாரணைக் காட்சிக்குப் பொன்னாக வாய்த்தது, தெருவையும் வீட்டையும் காட்ட வேண்டிய இடத்தில் கைவிட்டது.

அவர் எவ்வளவு கற்றுக்கொள்ளக் கூடியவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'பிளாக் மாஸ்க்' பத்திரிகைக்கு சார்லஸ் எம். கிரீன் என்ற பெயரில் அனுப்பிய கதை திரும்பி வந்தது. அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் எழுதிய கடுமையான விமர்சனக் குறிப்பும் தவறுதலாக உடன் வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டே மூன்று இரவில் கதையைத் திருத்தி அனுப்பினார். 1923 டிசம்பர் இதழில் அச்சானது.

வழக்கேடு:
உடம்பு உள்ள பாத்திரம் வேண்டும் என்றால் ஏ. ஏ. ஃபேர் என்ற புனைபெயரில் எழுதிய கூல், லாம் வரிசையைப் படியுங்கள். 1939-இல் தொடங்கியது. பெர்தா கூல் பருத்த, கறாரான, காசில் கண்ணாக இருக்கும் பெண். டொனால்ட் லாம் சிறு உருவம், அடி வாங்கிக்கொண்டே இருப்பவர், வக்கீல் உரிமம் பறிபோனவர். "கொலை செய்துவிட்டுச் சட்டப்படி தப்ப ஒரு வழி இருக்கிறது" என்று ஒருவரிடம் சொன்னதுதான் அவர் செய்த குற்றம்.

எச்சரிக்கை, முதல் நாவலான 'தி பிக்கர் தே கம்' புத்தகத்தின் சட்ட ஓட்டை வருகிறது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்திடம் குற்றவாளியை ஒப்படைக்கச் சொல்ல வேண்டுமானால், அவர் முதல் மாநிலத்திலிருந்து "தப்பி ஓடியவராக" இருக்க வேண்டும். லாம் அரிசோனாவில் ஒரு மோசடி செய்துவிட்டுக் கலிபோர்னியாவுக்குள் வருகிறார். அரிசோனா அவரைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோகிறது. இப்போது கலிபோர்னியா கொலைக் குற்றத்துக்காக அவரைக் கேட்டால்? அவர் கலிபோர்னியாவிலிருந்து ஓடவில்லை, விலங்கு மாட்டி இழுத்துப்போனார்கள். ஓடாதவரை எப்படி ஓடியவர் என்பது? இந்த ஒரு சொல்லின் பொருளில் முழு நாவலும் நிற்கிறது.

இன்னொரு வரிசையும் உண்டு. டக் செல்பி, 1937 முதல் 1949 வரை ஒன்பது நாவல்கள். அதில் நாயகன் அரசு வழக்கறிஞர், தந்திரக்காரன் எதிர்த்தரப்பு வக்கீல். மேசன் உலகத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி. மேசனைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் படித்தால்தான் கார்ட்னர் இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்து யோசித்தவர் என்பது தெரியும்.

தாழ்வாரம்:
தொலைக்காட்சித் தொடரில் கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது எழுந்து "நான்தான் செய்தேன்" என்று அழுவார்களே, புத்தகத்திலும் அப்படித்தானா?

பழையபேப்பர்:
தொடரில் அது வாடிக்கை, புத்தகத்தில் அவ்வளவு இல்லை. பல நாவல்களில் சாட்சியின் பொய் உடைந்ததும் கோர்ட் முடிந்துவிடும். முழு விளக்கமும் மேசன் அலுவலகத்தில் டெல்லாவிடமும் டிரேக்கிடமும் சொல்வதாக வரும்.

தொடர் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1957 செப்டம்பர் 21 முதல் 1966 மே 22 வரை, 271 பகுதிகள். கார்ட்னர் தன் பங்குள்ள பைசானோ தயாரிப்பு நிறுவனத்தின் வழியாகக் கதையில் பிடியை விடாமல் வைத்திருந்தார். 1930-களில் வார்னர் பட நிறுவனம் எடுத்த ஆறு மேசன் படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பாடம்தான். மேசனாக நடித்த ரேமண்ட் பர் தேர்வுக்கு வந்தது அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கர் வேடத்துக்கு. கடைசிப் பகுதியில் நீதிபதியாக உட்கார்ந்திருப்பவர் கார்ட்னரேதான்.

குறுக்குவிசாரணை:
நாவல்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் 1948-இல் 'ஆர்கசி' பத்திரிகையோடு சேர்ந்து தொடங்கிய 'கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்'. தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்கை மறுபடி தோண்டும் குழு. தடயவியல் மருத்துவர் லெமாய்ன் ஸ்னைடர், பொய் கண்டறியும் கருவியில் பேர்போன லியோனார்ட் கீலர் போன்றவர்கள் கூலி வாங்காமல் உழைத்தார்கள். முதல் வழக்கு கிளாரன்ஸ் பாகி, வாஷிங்டன் மாநிலச் சிறையில் ஆயுள் கைதி. அவர் வெளியே வந்தார். இந்த வேலை பற்றிய புத்தகத்துக்குத்தான் கார்ட்னருக்கு உண்மைக் குற்ற நூலுக்கான எட்கர் விருது (அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கம் தருவது) கிடைத்தது, எந்த மேசன் நாவலுக்கும் இல்லை.

அவர்கள் வழக்கைப் பார்த்த முறை, மேசன் பார்க்கும் முறையேதான். சாட்சி எங்கே நின்றார், எத்தனை மணிக்கு, அங்கிருந்து அது தெரியுமா? அடையாளம் காட்டியதற்கு முன்னால் போலீஸ் புகைப்படம் காட்டியதா? மரண நேரத்தை யார், எதை வைத்துச் சொன்னார்? இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு எந்தக் கொலை வழக்குச் செய்தியையும் படித்துப் பாருங்கள்.

தெருவிளக்கு:
சரி, புதிதாக வருபவருக்கு எந்த வரிசை?

மைக்கூடு:
வெளியான வரிசையில் தொடங்க வேண்டாம். 'ஹவ்லிங் டாக்', 'கவுன்டர்ஃபீட் ஐ', அப்புறம் 'பெர்ஜர்ட் பேரட்'. 1930-களின் தொடக்கத்து மேசன் முரடர், பொய் சொல்லத் தயங்காதவர். 1937 முதல் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' இதழில் தொடராக வரத் தொடங்கிய பிறகு அந்த முரட்டுத்தனம் மட்டுப்படுகிறது. இரண்டு மேசனையும் பார்த்துவிட்டு 'க்ரூக்கட் கேண்டில்' (1944) எடுங்கள்.

எச்சரிக்கை, அதன் மையத் துப்பு வருகிறது. ஒரு படகின் அறையில் மேசை மேல் மெழுகுவர்த்தி சாய்ந்து நிற்கிறது. படகு நேராக இருக்கும்போது மெழுகுவர்த்தி சாய்ந்திருக்கிறதென்றால், அதை ஒட்ட வைத்த நேரத்தில் படகு சாய்ந்திருந்தது. தண்ணீர் வற்றும்போதுதான் படகு தரைதட்டிச் சாயும். ஆக, சாய்வுக் கோணம் ஓதத்தின் (கடல் நீர் ஏறி வற்றுவதன்) நேரத்தைச் சொல்லும், ஓதம் கொலையின் நேரத்தைச் சொல்லும். நம்ப முடியவில்லை என்றால் ஒரு தட்டின் ஒரு பக்கம் இரண்டு புத்தகத்தை அண்டக் கொடுத்து, கண்ணளவில் செங்குத்தாக ஒரு மெழுகுவர்த்தியை அதில் ஒட்டுங்கள். மெழுகு இறுகியதும் புத்தகத்தை உருவிவிட்டுப் பாருங்கள்.

தாழ்வாரம்:
செய்து பார்த்தாயிற்று. தட்டு சமமானதும் மெழுகுவர்த்தி நன்றாகவே சாய்ந்து நிற்கிறது. ஒரு குறிப்பு: மெழுகு முழுக்க இறுகப் பத்து நிமிடம் விடுங்கள், அவசரப்பட்டுப் புத்தகத்தை உருவினால் அடி வழுக்கிக் கோணம் மாறிவிடுகிறது.